இல்லாத கடை எரிந்த கதை

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் மகனின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது தொலைபேசியில் பேச்சு நீண்டுவிட்டது போலிருக்கிறது. துணி தீய்ந்த வாசனை என் சமையலறை வரைக்கும் வந்தது. காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். உங்கள் கையில் துணி தீய்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதற்கும் நான்தான் காரணம்.

அன்று நான் கொடுத்த ஆங்கிலப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே நீங்கள் இஸ்திரி போட்டீர்கள். வீட்டுக்கார அம்மாவின் வெள்ளைக் கெபாயாச் சட்டை தோள்பட்டையில் பழுப்பேறிவிட்டது. மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மா அவர். கோயிலும் பொங்கலும் தமிழ், பேச்சு மட்டும் மலாய். சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "இங்கிலீஷ் படிக்கிறது நீ, எரிகிறது என் கெபாயாவா?" நீங்கள் பயந்துபோய் நின்றீர்கள். அவர் சிரித்துவிட்டு, "மாக்கான் டூலு" என்றார். முதலில் சாப்பிடு என்று அர்த்தம். அந்த வீட்டில் எந்தப் பிரச்சினைக்கும் அதுதான் முதல் தீர்ப்பு.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அது. அக்கரையில், சுமத்ராவில், அரசுப் படைக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் சண்டை. படகேறி மலாக்காவில் வந்து இறங்கியவர்களில் கொஞ்சம் தமிழர்களும் இருந்தார்கள். காஜா பேராங்கில், நீங்கள் துணிவேலை பார்த்த அந்த அம்மா, தன் வீட்டு முன்கூடத்தை விட்டுக்கொடுத்தார். வார இறுதி மாலைகளில் அங்கே இலவச ஆங்கில வகுப்பு. நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வந்த புதிது. என்னைவிட மூத்தவர்களெல்லாம் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் ஒரே தேவை. பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த குடிநுழைவு அலுவலகத்தில், ஏன் ஓடி வந்தோம் என்று அதிகாரியிடம் சொல்லி, தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும். மற்றவர்களைவிட உங்களுக்கு அது அவசரம். காய்ச்சலில் கணவர் போன பிறகு உங்களுக்கென்று இருந்தது ஒரு பெண் குழந்தை. ஓடி வந்த அன்று அவள் ஆற்றுக்கு மேலே நாத்தனார் வீட்டில் இருந்தாள். கூட்டிவர நேரமில்லை. அனுமதி கிடைத்தால்தான் அவளை வரவழைக்க முடியும்.

அங்கே மலாய் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். "நீங்களே இங்கிலீஷில் சொன்னால் அதிகாரி மதிப்பார். ஒரு கடைக்குப் போகிறோம், கடைக்காரர் பாஷையில் பேசினால் நல்ல காய் பொறுக்கித் தருகிறார் இல்லையா, அது மாதிரி" என்றேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்கிற என் வழக்கம் அப்போதே உண்டு.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை இதுதான்: பலகையில் ஒரு மாதிரியை எழுது, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லட்டும், நாக்கு பழகிய பிறகு வார்த்தைகளை மாற்று. வகுப்பில் இருந்த ஒரு கடைக்காரரின் கதையை மாதிரியாக எடுத்துக்கொண்டேன். எனக்குச் சிறிய கடை இருந்தது. சிப்பாய்கள் வந்தார்கள். என் கடை எரிந்தது. நான் படகில் வந்தேன். எளிய வாக்கியங்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

வகுப்பு முடிந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்.

"டீச்சர், எனக்குக் கடையே இல்லையே?"

"அது உதாரணம்தான் அக்கா. முதலில் நாக்குக்குப் பழகட்டும். அப்புறம் உங்கள் கதையை வைத்து மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு என்ன நடந்தது?"

"நான் துணி வெளுக்கிறவ டீச்சர். அந்தப் பக்கத்து ஆளுங்க துணியும் வரும், இந்தப் பக்கத்து ஆளுங்க துணியும் வரும். கூலி குடுத்தா வெளுத்துத் தர்றதுதானே? மழைக்காலம், வெயில் கொஞ்ச நேரந்தான். ரெண்டு சட்டையையும் ஒரே கொடியில போட்டுட்டேன். பாத்தவன் போய்ச் சொல்லிட்டான். இவங்க என்னை அவங்க ஆளுன்னாங்க, அவங்க இவங்க ஆளுன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓடியாந்தேன். இஸ்திரிப் பெட்டியக்கூட எடுக்கல."

அந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் உச்சரிப்பைத் திருத்துவதில் போயிற்று. அதற்குள் உங்கள் எல்லோரையும் விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலுவலக வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு முன்னால் போனவர் வெளியே வந்து, "அந்த ஊர்ல வீட்டைவிடக் கடைதான் ஜாஸ்தி போலன்னு அதிகாரி சிரிக்கிறாரு டீச்சர்" என்றார். எல்லோரும் ஒரே கடைக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்தேன். நீங்கள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தீர்கள். கதவு மூடியிருந்தது. தட்டியிருக்கலாம். நான் தட்டவில்லை.

முகமெல்லாம் மலர்ச்சியோடு வெளியே வந்தீர்கள். "சொல்லிட்டேன் டீச்சர். ஒரு வார்த்தைகூடத் தப்பல."

படகிலிருந்து இறங்கியபோது துணி வெளுப்பவர் என்று சொன்ன பெண், இப்போது கடைக்காரியானது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து அதையே சொன்னீர்கள். உண்மையிலேயே கடை எரிந்தவரையும் அன்று அவர்கள் நம்பவில்லை. உங்களுக்குத் தற்காலிகச் சீட்டு மட்டும் கிடைத்தது. நீங்கள் இருக்கலாம், யாரையும் வரவழைக்கக்கூடாது.

"மலாயில் சொல்லியிருக்கலாமே அக்கா" என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

"நீங்கதானே இங்கிலீஷ்ல சொல்லணும்னீங்க" என்றீர்கள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னீர்கள்.

சில வருடம் கழித்து மறுபடி விசாரணை வந்தது. இந்த முறை மலாய் அதிகாரி. நீங்கள் மலாயில் அந்தத் துணிக்கொடியைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். அனுமதி வந்தது. ஆனால் அதற்குள் இந்தோனேசியாவோடு மோதல் தொடங்கி, கடல் வழி அடைபட்டுவிட்டது. மீண்டும் படகு ஓடியபோது உங்கள் மகள் நாத்தனாரை அம்மா என்று கூப்பிடுகிற பெண்ணாக வளர்ந்திருந்தாள். வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். அந்தச் செய்தி வந்த அன்றும் நீங்கள் புக்கிட் பாரு வீடுகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்க வரும்போதெல்லாம் நீங்கள் கேலியில் தப்பித்துக்கொள்வீர்கள். வீட்டில் சீனி இல்லையா, "கடையில நிறைய இருந்துச்சு டீச்சர், எரிஞ்சு போச்சு." குடை காணோமா, "அதுவும் கடையோட போயிருக்கும்." என் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டபோதுகூட, "கடை இருந்தா சங்கிலியே போட்டிருப்பேன்" என்றீர்கள். சுற்றியிருந்தவர்கள் உங்களுக்கு நிஜமாகவே கடை இருந்தது என்றே நம்பினார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த மூடிய கதவுக்கு முன்னால்தான் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு பணிக்காலம் முழுவதும், மாணவன் தன் சொந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை நான் பலகையில் எதையும் எழுதியதில்லை. நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயருக்கு யார் விலை கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போன பிறகு, உங்கள் காரியத்துக்கு அக்கரையிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளுக்கும் நரைத்துவிட்டது. தமிழ் போய்விட்டது, அந்த ஊர் மலாய்தான். உங்கள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என் பக்கத்தில் வந்து, பெரியவர்களை அழைக்கும் மரியாதையில் 'ஈபு' என்று கூப்பிட்டாள்.

"ஈபு, நீங்கள்தானே அம்மாவுக்கு நெருக்கம். என்னை ஏன் அவர் கூட்டிக்கொள்ளவில்லை?"

"உங்களிடம் என்ன சொல்லியிருந்தார்?"

"படகு கிடைக்கவில்லை என்று."

அக்கா, கடைசிவரை படகின்மேல் பழியைப் போட்டிருக்கிறீர்கள். என் பெயரைச் சொல்லவே இல்லை. அந்தப் பொய்க்குள் ஒதுங்கிக்கொள்ள எனக்கும் இடம் இருந்தது. ஒரு நிமிடம் ஒதுங்கப் பார்த்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பிறகு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துணிக்கொடி, மாதிரிக் கதை, பெஞ்சு, கதவு.

அவள் அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்றே இத்தனை காலம் நினைத்தேன்" என்றாள். எழுந்து உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படகுத்துறைக்குப் புறப்படும்போதுதான் மறுபடி பேசினாள். "என் பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தார்கள். அவர்களை அனுப்புகிறேன். நான் சொன்னால் சரியாக வராது. நீங்களே சொல்லுங்கள்."

அடுத்த மாதம் வருகிறார்கள். உங்களைப்போல் சிரிக்கவைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் என் பங்கைக் குறைக்காமல் சொல்வேன், அக்கா.