அக்காவின் படத்துக்குப் பூசிய நிறம்

ஆசை அக்காவுக்கு,

பாக்கியத்தைப் பெற்றுப் போட்டுவிட்டு நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. அதில் ஆறு வருஷம் உன் புருஷனுக்கு நான் பெண்டாட்டி. இன்றைக்கும் பவானிபூர் வீட்டில் பூ வாங்கினால் முதல் முழம் கூடத்துச் சுவரில் இருக்கும் உன் படத்துக்குத்தான். வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீசுக்குக் கிளம்பும்போது உன்னைப் பார்த்துவிட்டுத்தான் அவர் செருப்பு மாட்டுகிறார். என்னிடம் "கதவைச் சாத்திக்கோ" என்பதோடு சரி.

உயிரோடு இருக்கிறவளிடம் பொறாமைப்பட்டால் சண்டையாவது போடலாம். உன்னிடம் என்ன செய்ய?

அந்தப் படத்தில் நீ எவ்வளவு சிவப்பு, தெரியுமா? நீ போன பிறகு, சௌரங்கி ஸ்டுடியோவில் எடுத்த உன் சின்னப் படத்தைப் பெரிதாக்கி வர்ணம் தீட்டக் கொடுத்தார் இவர். தீட்டிய வங்காளி உன்னைக் கண்ணால் கண்டவர் இல்லை. துரைசானிகளுக்குப் பூசுகிற நிறத்தையே உனக்கும் பூசிவிட்டார். நாம் இருவரும் ஒரே அடுப்புக் கரி என்று அம்மா சிரிப்பாளே! "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று சொல்லிக்கொண்டுதானே எனக்குத் தலை வாருவாய்? இவர் அதையெல்லாம் மறந்தே போனார். வருகிறவர்களிடம், "மூத்தவ நல்ல செவப்பு" என்கிறார். காப்பித் தம்ளரோடு நான் பக்கத்தில் நிற்கும்போதே.

போன வாரம் எனக்கும் ஒரு படம் எடுக்கலாம் என்றார். அக்கா, எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு அதே வர்ணக்காரரிடம் போனோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஃபொர்ஷா கோரே தேபோ, மா?" என்றார். சிவப்பாக்கித் தரட்டுமா என்று கேட்கிறார். மூத்தவளுக்குப் பூசிய அதே நிறம் என்று இவர் முந்திக்கொண்டார். எனக்கும் சந்தோஷந்தான். பொய் சொல்லமாட்டேன்.

அப்போது பாக்கியம் என் முந்தானையை இழுத்தாள்.

"சித்தி, எனக்கும் பூசச் சொல்லுங்க. படத்துல வேணாம், கையில."

"ஏன்டி?"

"அம்மா செவப்பு. நான் கறுப்பு. அதனால நான் அம்மா பொண்ணே இல்லயாம், உங்க பொண்ணாம். பக்கத்து வீட்டு மாஷிமா சொன்னாங்க."

 அந்த வங்காளி மாமி அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்ததே இல்லை, அக்கா. உள்ளுக்குள் இனித்தது. வர்ணம் படாத உன் சின்னப் படம் என் பெட்டிக்குள், புடவைகளுக்கு அடியில்தான் கிடந்தது. எடுத்துக் காட்டினால் உன் நெற்றி, உன் மூக்கு, உன் நிறம் எல்லாம் தன்னிடம் இருப்பதைப் பாக்கியம் கண்டுகொள்வாள். புருஷன்தான் உனக்கு, பிள்ளையாவது எனக்கு இருக்கட்டுமே என்று நினைத்தேன். அது அவ்வளவு பெரிய தப்பா?

எனக்குப் படம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். டிராமில் வரும் வழியெல்லாம் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து உன்னை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு, "அம்மா என்னை மாதிரியே இருக்காங்கப்பா!" என்று கத்திக்கொண்டு அவரிடம் ஓடினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வாங்கிப் பார்த்தார். "ஆமா, இப்படித்தான் இருந்தா" என்றார். பாக்கியத்தை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேரையும் ஒரே நாளில் உன்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் உலை வைக்கப் போனேன்.

இப்போது அந்தப் படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் பாக்கியம் தூங்குகிறாள். இனி உன்னை அவளிடமிருந்து ஒளிக்கமாட்டேன், அக்கா. இது சத்தியம். பொறாமைப்படமாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

உன் மகளை உன் மகளாகவே வளர்க்கப்போகும்
உன் தங்கை,
தனம்