சனிக்கிழமை இருட்டுவதற்குள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அப்பாவுக்கு இருமல் தேவலை. கூரை இன்னும் ஒழுகுகிறது. மற்றபடி இந்த வீட்டில் இருப்பது பயம்தான்.

போனில் சொல்லலாமே என்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் தம்பி கையில். கடைக்காரர் போனில் பேசினால், திருட்டுக் கட்டை லாரி ஓட்டும் அவர் மச்சான் காதுக்குப் போய்விடும். அதனால் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை மாலை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷன்.

லீவுக்கு வந்தபோது நம் ஊர்க் காட்டுக் காவல் பிள்ளைகளுக்குப் போனில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தாயே, அதைப் பற்றித்தான். பெரிய மரங்களுக்கெல்லாம் புள்ளி வைத்தார்கள். அடுத்த ரோந்து எந்தப் பாதையில் என்று முதல் நாள் ராத்திரியே அதில் போட்டார்கள். நல்லது நடந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பட்டணத்துக்கு ஓடப் பார்த்ததுகள்கூட "நாங்களும் வரோம்" என்று வந்து நின்றன. கிழடுகள் மட்டும் கொட்டாவி விட்ட காட்டுக் காவல் கூட்டத்தில் இப்போது உட்கார இடமில்லை. உன் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் மரம் வெட்டுகிறவனும் பார்ப்பான் என்று நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே! முதலில் பிள்ளைகள் போகாத பக்கமாகப் பார்த்து வெட்டினார்கள். போன வாரம் ஓடை வளைவில் காத்தே நின்றார்கள். முன்னால் போனது தேன் எடுப்பவர் மகன் நெட்டையன். "போன்ல போட்ட மாதிரியே டாண்ணு வந்துட்டியே தம்பி" என்று சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே கையை முறித்து அனுப்பியிருக்கிறார்கள். உன் தம்பி செருப்பு வார் அறுந்து பின்தங்கியதால் தப்பினான். அந்த அறுந்த செருப்பைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் படத்தை நிறுத்தித் தொலையடா என்று அவன் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "இதை மூடினா ஒருத்தனும் வரமாட்டான்மா. அப்புறம் காடு அவங்களுக்குத்தான்" என்கிறான். அதிலும் பொய்யில்லை.

ஞாயிறு மறுபடி கிளம்புகிறார்கள். பாதையைச் சனிக்கிழமை ராத்திரிதான் போடுவார்கள். உன்னால் அந்தப் படத்தை மூட முடியும் என்று நெட்டையன் சொன்னான். அதற்குள் மூடிவிடு கண்ணு. இவர்கள் போகட்டும், எங்கே போகிறார்கள் என்று அந்தப் பாவிகளுக்குத் தெரியாமல் போகட்டும். பிள்ளைகளைக் கூப்பிட வீடுவீடாக நானே போகிறேன், எனக்கு வாய் இல்லையா என்ன? நான் எழுதியதாக மட்டும் தம்பியிடம் சொல்லாதே, முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

நீயும் அவன் பக்கம்தான் என்றால் இதையும் கேட்டுக்கொள். ஞாயிறு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "முட்டிவலியோட உனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். நெட்டையன் நடந்த இடத்தில், எல்லோருக்கும் முன்னால், நான் நடப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஆனால் இன்றைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், போனைக் கையில் எடு.

உன் அம்மா