பூக்கடைக் குளிர்பெட்டியில் என் ஊசி

சிராங்கூன் சாலையில் உன் பூக்கடைக் குளிர்பெட்டியை இன்று உன் கணவர் திறந்தார். சில்லென்ற மல்லிகை வாசனை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அது கல்யாணத்தை நினைவூட்டும். எனக்கு ஊசியை.

கருத்தரிப்புச் சிகிச்சைக்குக் காத்திருந்த இடத்தில்தான் நாம் பழகினோம். இருவருக்கும் ஒரே மாதம், ஒரே ஹார்மோன் ஊசி. கருமுட்டைகள் கூடுதலாக வளரத் தினமும் போட வேண்டியது, குளிர்ச்சியில் வைக்க வேண்டியது. ஆங் மோ கியோவில் என் வீட்டிலோ, திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியார் நாள் முழுக்க பிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிகிச்சை விஷயம் தெரியக் கூடாது என்று நினைத்தேன். "என் கடையில வை லா, பூவோட பூவா இருக்கட்டும்" என்றாய்.

வேலை முடிந்து வருவேன். என்னைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, "பூ பேரெல்லாம் சொல்லு" என்பாய். மல்லி, முல்லை, கனகாம்பரம். நான்காவது பூவுக்கு நான் போனதே இல்லை. அதற்குள் போட்டு முடித்திருப்பாய். தாமதத்துக்குச் சாக்காக இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

உன் உடம்பு அந்த மருந்துக்கு அசைந்து கொடுக்கவில்லை. ஸ்கேனில் இரண்டே முட்டைகள்தான் வளர்ந்திருந்தன, இரத்தத்திலும் ஹார்மோன் ஏறவில்லை. மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவிட்டார். அன்று மாலையும் எனக்கு ஊசி போட்டாய். "எனக்கு கேன்சல் பண்ணிட்டாங்க. நீ பேரைச் சொல்லு" என்றாய்.

என் உடம்பு அளவுக்கு மீறி ஆடியது. முட்டைகளை எடுத்த பிறகு நீர் கோத்து வயிறு உப்பியது, வாந்தி வேறு. வெளியே உருவாக்கிய கருவை இப்போது உள்ளே வைப்பது ஆபத்து என்று எல்லாக் கருக்களையும் உறைய வைத்தார்கள். மாமியார் வயிற்றைப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், தானாக ஒரு முடிவுக்கு வந்தார். நேராக உன் கடைக்கே வந்து, "மருமக முழுகாம இருக்காம்மா. கேலாங் கோயில் சிவனுக்கு நல்ல மாலையா கட்டு" என்றார்.

கட்டிக் கொடுத்தாய். அதன் பிறகுதான் எனக்குப் போன் செய்தாய். "ரொம்ப சந்தோஷமா போறாங்க. நீயே சொல்லிடு, வேற யாரும் சொல்லிக் கேட்கக் கூடாது."

கர்ப்பம் இல்லை, சிகிச்சை என்று எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பற்றியும். மாமியார் மாலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு உன் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் நம் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தார். திரும்பி வந்து, பிரிட்ஜில் கொத்தமல்லியை நகர்த்தி, "இனிமே இங்க வை" என்றார்.

உறைய வைத்த கருக்கள் எதுவும் தங்கவில்லை. போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய். மாரடைப்பு. அந்த ஊசிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று என் மருத்துவரைக் கேட்டேன். இல்லை என்றார். நான் அதிகம் அழவில்லை. ஆனால் எதையும் சொல்ல ஆளில்லாமல் இருக்கிறது.

இந்த வாரம் மறுபடி தொடங்கியிருக்கிறேன், மருந்தின் அளவைக் குறைத்து. ஊசி கொத்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நானே போட்டுக்கொள்கிறேன். சதையைக் கிள்ளிப் பிடித்து, மல்லி, முல்லை, கனகாம்பரம் என்கிறேன். ஊசி இன்னும் கையில்தான் இருக்கிறது. சாமந்தி, அரளி, மரிக்கொழுந்து என்று போய்க்கொண்டே இருக்கிறேன்.