பாதியில் நிற்கும் பேச்சு

கூடு 4, தென்பள்ளம், செவ்வாய்க் கிரகம்
குடும்பப் பதிவேடு. எழுதுவது: உலகம்மை

நாள் 301. காலை 7:10

காற்று சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். மின்கலம் நிறைவு. அரைக்கீரை அறுக்கும் பதம். வெளியே புழுதி எழும்புகிறது. தலைமைக் குடியிருப்பிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது.

சாமிக்கு விளக்குப் போட்டாயிற்று. நெருப்புக்கு இங்கே அனுமதி இல்லை, மின்விளக்குதான். ஊர்க் கணக்கில் இன்று கிருத்திகை. இங்கே ஒரு நாள் ஊர் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். அதனால் பஞ்சாங்கத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன். முருகனே குழம்பிப்போவார் என்று அவர் கேலி செய்வார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், குற்றாலநாதன். பனிக்கட்டிக்குத் துளை போடும் முகாமில் இருக்கிறார். போய் மூன்று வாரம். கூட்டில் நானும் எங்கள் மகள் வடிவும் மட்டும். வடிவுக்கு எட்டு வயது.

மருத்துவக் குறிப்பு: வடிவுக்குக் காலை மாத்திரை கொடுத்தேன். போன மாதம் தலைமைக் குடியிருப்பு டாக்டர் எப்சிபா பரிசோதித்துக் கொடுத்தது. நோய்க்குப் பெயர் ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளுக்கு உள்ளது என்று விளக்கினார்.

நாள் 303. பகல் 11:30

காற்று சரி. புழுதி கூடியிருக்கிறது. பூமித் தொடர்பு அறுந்துவிட்டது. உள்ளூர் வானொலி கேட்கிறது.

இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை, இங்கேயே எழுதுகிறேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. மருத்துவக் கையேட்டில் அந்த நோயின் பக்கங்களை மூன்று முறை படித்துவிட்டேன். கவனம் சிதறுகிற பிள்ளை வேறு எதையோ பார்க்கும். வடிவு எதையும் பார்ப்பதில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருவாள், ஏழெட்டு என்பாள், நின்றுவிடுவாள். இமை துடிக்கும். உதடு எதையோ மெல்லும். கூப்பிட்டால் கேட்காது. பிறகு, யம்மா நான் எங்க விட்டேன் என்பாள். விட்டதே தெரியாது சில நேரம்.

டாக்டருடன் வானொலியில் பேசியது:

"டாக்டரம்மா, கன்னத்தத் தட்டுனாலும் தெரிய மாட்டேங்கு அவளுக்கு."

"அதுதான்மா இந்தப் பிரச்சினையே. உள்ளுக்குள்ள வேற உலகத்துல இருப்பாங்க. நாசரேத்துல எங்க அண்ணன் மகன் இப்படித்தான் இருந்தான். இப்ப வக்கீல்."

"வாதாடும்போது பாதியில நின்னா கட்சிக்காரன் கதி என்னாவது?"

"நல்லாப் பேசுதிய போங்க. எல்லாத்தையும் எழுதி எழுதி வச்சுப் பயப்படாதீங்க, உலகம்மை. மாத்திரைய ஒழுங்காக் குடுங்க, போதும்."

சிரித்துவிட்டேன். நாங்கள் தென்காசி, அவர் நாசரேத். இந்தக் கிரகத்தில் அந்தத் தூரம் அடுத்த தெரு மாதிரி. அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன்.

"என்னங்க, டாக்டரம்மா எதையோ விட்டுட்டாகளோன்னு இருக்கு."

"ஏட்டி, படிச்சவுக அவுகளா நீயா? அந்தக் கையேட்டப் பிடுங்கி வச்சாத்தான் நீ சரிப்படுவ."

நாள் 306. பிற்பகல் 3:15

எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

வடிவு அவள் அப்பாவோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்தாள். ஓர் எறும்பு டிக்கெட் இல்லாமல் கப்பலேறி இங்கே வந்த கதை. எறும்பு கதவிடுக்கில் ஒளிந்தது என்றாள், நின்றாள். வழக்கம்போல என்று நினைத்தேன். மரம் சாய்வதுபோலச் சாய்ந்தாள். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. கண் வெள்ளை.

விழுந்துட்டா என்று கத்தினேன். அது ஒன்றைத்தான் கத்தினேன். வானொலியில் குரல் மட்டும்தான் போகும். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க முடியாது. அவர் கத்தியது இது:

"கையில இரும்பு எதையாவது குடு உலகு! ஸ்பேனர் கிடக்கும்லா, அதக் குடு! ஒருக்களிச்சுப் படுக்க வையி. வாயில ஒண்ணும் வச்சிராத. இந்தா விட்ரும், இந்தா விட்ரும்."

விட்டது. பிள்ளை தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது.

விழுந்தவள் காலை ஒடித்திருக்கலாம், தலையை உடைத்திருக்கலாம். அதையெல்லாம் அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கையில் இரும்பு கொடுப்பது எதற்கென்று தெரியாதவர் கிடையாது. காக்காய் வலிப்புக்குத்தான்.

நாள் 306. மாலை 5:00

மற்றக் கூடுகளுக்குக் கேட்காத தனிவரியில் அவரோடு பேசியது. ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"புள்ள முழிச்சிட்டாளா?"

"கேக்கேன்லா."

"சின்னதுல எனக்கு இருந்துச்சு."

"இருந்துச்சா, இருக்கா?"

"இருக்கு."

"டாக்டருக்கு?"

"தெரியும். நான்தான் கால்ல விழாத குறையாக் கேட்டேன். வலிப்புன்னு எழுதுனா தலைமைக் குடியிருப்புல அப்பனுக்கு உண்டான்னு சோதிப்பான். வலிப்பு உள்ளவங்க இங்க இருக்கக் கூடாதுங்கது சட்டம். குடும்பத்தோட அடுத்த கப்பல்ல ஏத்திருவான். தண்ணி கிடைக்க வரைக்கும் பொறுப்போம்னு அவுகளும் ஒத்துக்கிட்டாக. துளை போட என்னைய விட்டா ஆளில்லைலா."

"அப்ப புள்ளைக்கு நான் குடுக்க மாத்திரை?"

"சத்து மாத்திரை."

தினமும் சாமி காலடியில் வைத்து, திருநீறு தொட்டுக் கொடுத்த மாத்திரை.

எனக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் அதைக் கேட்டுத் தட்டிப்போனது. இவர் வீட்டில் மட்டும், அதெல்லாம் நாங்க பாக்கதில்ல என்றார்கள். என்ன பெரிய மனசு என்று என் அப்பா அழுதார். செவ்வாயிலேயே குடித்தனம் வைக்கப்போகிறோம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். என்னுடைய குறையைச் சபையில் வைத்துப் பேசினார்கள். அவருடையதை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நாள் 306. மாலை 6:40

மறுபடி கேட்டேன். கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

"கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒருநாளும் நீங்க விழுந்து நான் பாக்கலையே."

"மாத்திரை சாப்பிடுதேன்."

"எங்க இருக்கு?"

"சாமிக்கு அடியில. பீடத்தத் திருகு, கழண்டுரும்."

குடும்பத்துக்கு ஒரு சாமிப் பெட்டி உண்டு. அதை யாரும் சோதிப்பதில்லை. அது இங்குள்ள மரியாதை. பீடத்தை அவர்தான் செய்தார். முகாமிலிருந்து வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு சாமி முன்னால் உட்காருவார். ஊரில் கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் நிற்கிற மனிதர். இங்கே வந்தாவது பக்தி வந்ததே என்று நான் பூரித்துப்போனேன்.

முருகா, அத்தனை நாளும் நீ அதன் மேல்தானே நின்றுகொண்டிருந்தாய்.

உள்ளே அட்டை அட்டையாக இருக்கிறது. வலிப்பு மாத்திரை. பெயரைக் கையேட்டில் பார்த்துச் சரிபார்த்தேன்.

"புள்ளைக்கு இருக்குன்னு தெரிஞ்ச பெறகும் இத எடுத்து ஒண்ணு குடுக்கத் தோணலையா உங்களுக்கு?"

"அடுத்த கப்பல் வர வரைக்கும் ஒருத்தருக்குத்தான் காணும், ரெண்டு பேருக்குப் பத்தாது உலகு. எண்ணிப் பாத்துட்டேன்."

எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நாள் 307. காலை 8:00

காற்று சரி. டாக்டரைத் தனிவரியில் பிடித்தேன். மாத்திரையின் பெயரைச் சொல்லி, எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"எடை எவ்வளவு இருக்கா?"

சொன்னேன்.

"அரை மாத்திரை. ரெண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பெறகு. நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

"டாக்டரம்மா, நீங்க ஜெபம் பண்ணுவிய இல்லையா?"

"பண்ணுவேன்."

"எங்க வடிவுக்கும் பண்ணுனியளா?"

தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

நாள் 312. மாலை 4:30

வடிகட்டி ஒன்று புழுதியில் அடைத்துக்கொண்டது. கழற்றித் தட்டி மாட்டினேன். காற்று பரவாயில்லை.

வடிவு இரண்டு நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதலில் தூங்கித் தூங்கி வழிந்தாள், இப்போது தெளிச்சல். எறும்புக் கதையை இன்று முழுக்கச் சொன்னாள். எறும்பு தலைமைக் குடியிருப்புக்கு அதிகாரியாகி, மனுஷருக்கெல்லாம் டிக்கெட் கேட்கிறதாம். சிரித்தேன். பிறகு தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் பிள்ளை ஒரு கதையை முடித்து இத்தனை மாதமாகிவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அவர் அழைத்தார்.

"முகாமுக்குக் கொண்டுவந்த மாத்திரை டப்பா நேத்தே தீந்துட்டு. புழுதி அடங்குனதும் வாரேன். எனக்குன்னு கொஞ்சம் வையி."

"பொதுவலையில சொல்லிருவோம்ங்க. ரெண்டு பேருக்கும் முறையா மருந்து வரும். ஊருக்கே போயிருவோம்."

"பொய் சொல்லி ஏறுனவன ஜெயில்லதான் இறக்குவான். நீ வாயத் தெறந்தா நான் செத்தேன், பாத்துக்கோ."

நாள் 313. காலை 9:20

எல்லாக் கூடுகளுக்கும் கேட்கும் பொதுவலையில் சொல்லிவிட்டேன். மகளுக்கு வலிப்பு, தகப்பனுக்கும் வலிப்பு, டாக்டருக்குத் தெரியும், மகளுக்கு முறையான மருந்து வேண்டும். இவ்வளவுதான். அழாமல் சொன்னேன்.

டாக்டரின் பதில், அதே வலையில்:

"குழந்தையோட பதிவுல ஏ.டி.எச்.டி.ன்னுதான் இருக்கு. அம்மா ரொம்ப நாளாத் தனிமையில இருக்காங்க, மனநிலை தடுமாறியிருக்கு. என்ன மாத்திரைன்னே தெரியாம குழந்தைக்கு எதையோ குடுத்துட்டு இருக்காங்க. குழந்தைய அங்க விட்டுவைக்கிறது ஆபத்து."

அடுத்து என் வீட்டுக்காரர்:

"ஆமா. கொஞ்ச நாளாவே அவளுக்குச் சரியில்ல. பொழுதன்னைக்கும் எழுதுதா. சாமி பேசுதுங்கா."

சாமி பேசுகிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாமியிடம் நான்தான் பேசுவேன்.

பிள்ளைக்குக் கொடுத்ததுபோல எனக்கும் ஒரு நோயின் பெயர் கொடுத்துவிட்டார்கள். இனி நான் என்ன சொன்னாலும் அந்த நோய் பேசுகிறது என்பார்கள். இதைப் படிக்கிற நீங்களும் அப்படி நினைக்கலாம். தயவுசெய்து என்னைப் பார்க்க வேண்டாம். பிள்ளையைப் பாருங்கள்.

நாள் 315. காலை 7:30

புழுதி அடங்கி இரண்டு நாளாகிறது. முகாம் வண்டி வருகிறதாம். அவரும், உதவியாள் சேர்மத்துரையும். மாத்திரையைப் பறிமுதல் செய்யவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் தலைமைக் குடியிருப்பின் உத்தரவு.

கதவை உள்ளே பூட்டிவிட்டேன். வடிவுக்கு அரை மாத்திரை கொடுத்தேன். இட்லி கேட்டாள். இருந்த மாவில் ஊற்றினேன்.

நாள் 315. காலை 10:20

வெளியே நிற்கிறார்கள். பொதுவலையைத் திறந்தே வைத்திருக்கிறேன். எல்லாரும் கேட்கட்டும்.

"மதினி, நான் சேர்மத்துரை. தெறங்க மதினி. அண்ணாச்சி ரெண்டு நாளாக் கண்ணு மூடாம வண்டிய ஓட்டிட்டு வந்து நிக்காக."

"உலகு, மாத்திரையக் குடு. புள்ளைய நான் பத்திரமாக் கொண்டுபோறேன்."

"அங்க போயி அவளுக்கு என்ன மாத்திரை குடுப்பிய?"

"டாக்டர் எழுதுனதுதான்."

அதாவது, அதே சத்து மாத்திரை.

டப்பா தீர்ந்து நான்கு நாள். தூக்கம் இல்லை. கையேட்டில் படித்திருக்கிறேன், தூக்கம் கெட்டால் என்ன வரும் என்று. என் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அவர் உடம்பு ஒன்றுதான் சாட்சி. நான் கதவைத் திறக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும்.

முருகா, இப்போது நான் உன்னிடம் எதை வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நாள் 315. காலை 11:05

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். பந்தலைப் பற்றி, மழை வந்ததைப் பற்றி. மெதுவாகத்தான் பதில் சொன்னார். குரல் பழைய குரலாகிவிட்டது. ஒரு நொடி பூட்டில் கை வைத்துவிட்டேன்.

"உங்க அப்பா என் கையப் பிடிச்சிட்டு அழுதாரு பாரு, அப்பவே சொல்லிருக்கணும் உலகு. வாய் வரைக்கும் வந்துட்டு. எங்கம்மா பின்னால நின்னு சட்டையப் பிடிச்சு"

நின்றுவிட்டது.

"அண்ணாச்சி? ஏ அண்ணாச்சி! யாராவது கேக்கியளா, அண்ணாச்சி விழுந்துட்டாக, கை காலு வெட்டுது! தலைக்கவசத்துக்குள்ள நுரை தள்ளுது! மதினி, தெறங்க மதினி!"

எல்லாக் கூடுகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. டாக்டரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

வடிவு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அப்பா ஏன் நிறுத்திட்டாங்க என்கிறாள். மாத்திரை என் இடது கையில் இருக்கிறது. கதவைத் திறக்க வேண்டும்.

இதை எழுதி முடித்ததும் திறப்பேன்.