செவ்வாய்க்கிழமைகளில் திறந்து கிடக்கும் மலைக்கேட்

அனுப்புநர்
நெஸ்டா பிரிட்சர்ட்,
ஹவோத் கெலின் பண்ணை,
அபர்கைன் மலைச்சாலை, வேல்ஸ்.

பெறுநர்
திரு. கெரைன்ட் போவல் அவர்கள்,
தட ஆய்வு அலுவலர்,
மலை-கடல் மிதிவண்டித் தடப் பிரிவு.

பொருள்: கேட் சங்கிலியை அக்டோபர் வரை அனுமதிக்கவும், கேட்டைத் திறந்து போடுபவர் மீது விசாரணை நடத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மலைக்கேட்டில் போட்ட சங்கிலியைப் பதினான்கு நாளில் கழற்றும்படி தாங்கள் அனுப்பிய அறிவிப்பு கிடைத்தது. சங்கிலி போட்டது விதிக்குப் புறம்பானதே, மறுக்கவில்லை. மிதிவண்டிக்காரர்கள் இப்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்துச் சுவர்ப்படி ஏறித்தான் தாண்டுகிறார்கள். இதைத் தங்களுக்கு எழுதிப் போட்டவர் பக்கத்துப் பண்ணை இத்வல் ரீஸ் என்றே நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்கிறார்.

1. கேட்டுக்கு மேலே மலையில் வேலி கிடையாது. தன் எல்லை எதுவென்று ஆட்டுக்கே தெரியும். தாய் மேய்ந்த இடத்தில் குட்டி மேய்ந்து பழகும். சந்தையில் வாங்கி வரும் ஆட்டுக்கு இதை யாரும் சொல்லித்தர முடியாது. இந்த மந்தை சிதறினால் ஹவோத் கெலினில் இனி ஆடு வளர்க்க வழியில்லை. மே மாதம் முதல் முப்பத்தொரு ஆடுகளைக் காணோம். அவற்றில் நான்கு கீழே கடற்கரைச் சாலையில் அடிபட்டுக் கிடந்தன. ஒன்றின் பக்கத்தில் குட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது.

2. கேட் திறந்து கிடந்தது செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே. முதலில் மிதிவண்டிக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். பிறகு இத்வலை. அவர் மிதிவண்டிக்காரர்களுக்கு விடுதி நடத்துகிறார். மேலும், என் காதுக்குறி போட்ட ஆறு ஆடுகள் அவர் மந்தையில் நின்றன. நேரில் கேட்டபோது, "கேட்டத் தொறந்து போட்டா எனக்கென்ன லாபம், நெஸ்டா? உன் ஆடு திங்கிறது என் புல்லத்தானே?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் நம்பவில்லை.

3. ஜூலை 8, செவ்வாய் காலை ஆறு மணிக்கே பிளாஸ்க்கில் தேநீரோடு கற்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கேட் மூடியிருந்தது. ஏழேகாலுக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, கேட்டைத் திறந்து, காற்றில் சாத்தாதபடி கயிற்றால் கட்டினார். வழிகாட்டிப் பலகைகளை இறங்கி இறங்கித் துடைத்துக்கொண்டே வேனில் மலை ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனார். திரும்பி வரவேயில்லை.

4. அதன்பின் பத்தொன்பது மிதிவண்டிகள் கடந்தன. ஒரு பெண் இறங்கிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு நான் மாட்டிய பலகையைப் படித்து, "இருந்தபடியே விடணுமாம். ஆடு ஓட்டத் தொறந்து வெச்சிருப்பாங்க, வாங்க போலாம்" என்று உடன் வந்தவரிடம் சொன்னார். அவரை எப்படிக் குறை சொல்வேன்? எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொடுப்பது இதைத்தான்: திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியபடியும் விட வேண்டும். வெட்கத்தோடு இன்னொன்றும் எழுத வேண்டும். ஜூன் மாதம் ஒரு செவ்வாயன்று நானே அவ்வழி போனேன். இத்வல் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி இறக்குகிறார் போலும் என்று எண்ணி, திறந்த கேட்டைத் தொடாமல் வந்துவிட்டேன். அன்று மட்டும் பதினோரு ஆடுகள் போயின.

5. அன்றே கேட்டை மூடிச் சங்கிலி போட்டுவிட்டு, அந்த வேன் யாருடையது என்று ஊரில் விசாரித்தேன். தங்கள் அறிவிப்பில்தான் விடை கிடைத்தது: "ஒவ்வொரு செவ்வாயும் காலையில் இத்தடத்தை நானே நேரில் ஆய்வு செய்கிறேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே, ஆடுகள் மலையிலிருந்து இறங்கும் அக்டோபர் வரை சங்கிலிக்கு அனுமதி தரும்படியும், விசாரணையைத் தங்களை அல்லாத வேறொரு அலுவலரிடம் ஒப்படைக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தபாலில் போட்டால் வந்து சேரவில்லை என்று சொல்லக்கூடும் என்பதால், இம்மனுவை வரும் செவ்வாய் ஏழேகாலுக்குக் கேட்டருகே தங்கள் கையிலேயே தருவேன். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டதும் பூட்டைத் திறந்துவிடுகிறேன். தாங்கள் தாராளமாகக் கடந்து போகலாம். கேட்டை மட்டும் நான் தொடமாட்டேன். வேனிலிருந்து இறங்கி வந்து தாங்கள் மூடும்வரை அங்கேயே நிற்பேன்.

இடம்: அபர்கைன்
நாள்: ஜூலை 19

இப்படிக்கு,
நெஸ்டா பிரிட்சர்ட்