தலை விட்பியில், உடம்பு சார்மத்தில்

சார்மத்,
9 நவம்பர் 1983

க்ளெமென்டுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. நம் மீன்பல்லியை அருங்காட்சியகத்தில் கேட்கிறார்கள். இருபது கோடி ஆண்டு மண்ணுக்குள் கல்லாகிக் கிடந்த கடல் பிராணி! வந்தவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தலையில்லாத உடம்ப வச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்றார். கடைத்தெருவிலோ, "இவ புருஷன் தலையத் தூக்கிட்டு ஓடிட்டான்" என்று சிரிக்கிறார்கள். பாழாய்ப்போன மனுஷா, சண்டை என்னோடுதானே?

தலையோடு வா. பொருத்திப் பார்ப்போம். பொருந்தினால் நீயும் இங்கேயே இருந்துவிடு.

ஹெஸ்டர்


விட்பி,
20 நவம்பர்

என் ஹெஸ்டருக்கு,

"இருந்துவிடு" என்பதையே திரும்பத் திரும்பப் படித்ததில் அடுப்பிலிருந்த மீன் கருகிப்போனது. இங்கே என்னோடு பேச ஆளில்லை. பிரிந்து வந்ததிலிருந்து தலையைச் சாக்கிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. இப்போது எடுத்து, கழுத்துப் பக்கத்துக் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் கிளம்புகிறேன். என் மஞ்சள் மழைக்கோட்டு இன்னும் இருக்கிறதா?

உன் க்ளெமென்ட்


சார்மத்,
27 நவம்பர்

க்ளெமென்ட்,

கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எலி கடித்த அதன் கையைத் தைத்து வைத்திருக்கிறேன். மாடியில் படுக்கையும் விரித்தாயிற்று. சீக்கிரம் வா.

ஹெஸ்டர்


விட்பி,
6 டிசம்பர்

ஹெஸ்டர்,

தலைக்குப் பின்னால் கல்லுக்குள் முதல் கழுத்தெலும்பு இருக்கிறது. ஒரு பிராணிக்கு அது ஒன்றுதான்; உன் பாறையிலும் ஒன்று இருந்தால் இவை இரண்டு பிராணிகள். குன்று சரிந்த அன்று, அலை ஏறுவதற்குள் அருகருகே கிடந்த இரண்டு பாறைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினோமே! ஒரே சரிவு என்பதால் ஒரே பிராணி என்று நினைத்துவிட்டோம்.

இதைத் தட்டி எறிந்தால் யாருக்கும் தெரியாது. உளியை வைத்தேன், எடுத்துவிட்டேன். உன் பாறையின் முனையையும் கொத்திப் பார். அங்கே இல்லை என்று எழுது, ஹெஸ்டர்.

க்ளெமென்ட்


சார்மத்,
19 டிசம்பர்

க்ளெமென்ட்,

பார்த்தேன். இருக்கிறது.

"இல்லை" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாம் ஒருவருக்கொருவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறோம். எலும்பு விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடந்த இரண்டு பிராணிகள், அவ்வளவுதான். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. நீ வந்தால் இதையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். வேண்டாம். தலை உன்னிடமே இருக்கட்டும்.

படுக்கையைச் சுருட்டிவிட்டேன். மழைக்கோட்டைத் தபாலில் அனுப்புகிறேன். தைத்த கை கொஞ்சம் பிடிக்கும், பொறுத்துக்கொள்.

ஹெஸ்டர்