கரையடியில் ஒரு கசிவு

மார்ச் 4
கரையின் வெளிப்புற அடிவாரத்தில் கசியும் நீரை இன்றும் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவு. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால்தான் உள்ளே மண் அரிக்கிறது. இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. மேட்டிலிருந்து செம்மண் அடித்துக் கரை எழுப்பி, ஓடையை மறித்து ஏரி தேக்கி, படகு விட்டவன் நான்.

மார்ச் 9
அணைகளைச் சோதிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். “ஐயா, தண்ணிய பாதியா இறக்கிடுங்க. கசியற இடத்தை மட்டும் அடைச்சிடாதீங்க.” விடுமுறைக்குப் படகெல்லாம் பதிவாகிவிட்டது. சேற்றிலா துடுப்புப் போடுவது?

புகார் கொடுத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? கரைக்குக் கீழே இருப்பது ஒரே வீடு. தம்பி வீடு. நிலம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. கூடப் பிறந்தவன்!

மார்ச் 10
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
அடைத்தேன். ஜல்லி, சிமென்ட், மேலே பூச்சு. முதுகு விட்டுப்போனது. படகுக் கட்டணம் வாங்கும் மருமகள் வந்து பார்த்தாள். “அந்தம்மா வேணாம்னுதானே மாமா சொன்னாங்க?”
“அவங்களையே வந்து படகு ஓட்டச் சொல்லு.”

மார்ச் 15
ஒரு சொட்டு இல்லை. வந்து பார்க்கட்டும்.

மார்ச் 19
எல்லாப் படகும் தண்ணீரில். ஜனம் சிரிக்கிறது. எனக்கு ஏன் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை?

மார்ச் 21
தம்பி வந்தான். வாசலில் நின்றே ஒரு பாட்டிலை நீட்டினான். “எங்க வீட்டுப் பின்பக்கம் புதுசா ஊறுது. நீதான் தம்ளர் டாக்டராச்சே, பாத்துச் சொல்லு.”
“மழைத் தண்ணி.”
“மழை எப்பண்ணே பெஞ்சுது?”
அண்ணே என்று வந்துவிட்டது. அவனே எதிர்பார்க்கவில்லை போல. திரும்பிப் பார்க்காமல் போனான்.

மதியத்துக்குள் பாட்டிலின் அடியில் மண் படிந்துவிட்டது. சிவப்பு. அவன் தோட்டம் கரிசல். என் கரைதான் போய்க்கொண்டிருக்கிறது. அடைத்த தண்ணி சும்மா இருக்குமா? வேறு வழி பார்த்து, அவன் குழந்தைகள் விளையாடுற இடத்துக்கே — இதுக்கா முதுகொடியப் பூசினேன்?

முதலில் அவன் குடும்பத்தை மேட்டிலுள்ள நம் வீட்டுக்கு வரச் சொன்னேன். அதாவது, மருமகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். பிறகு மதகுக்குப் போனால், சக்கரம் துருவேறி அசையவில்லை. பின்னாலேயே தம்பி. கையில் இரும்புக் குழாய். அதைச் சக்கரத்தில் செருகினான்.
“தள்ளுறியா, சாஞ்சு நிக்கிறியா?”
தள்ளினேன்.

மார்ச் 25
ஏரி இறங்குகிறது. மருமகள் போனில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். நான் கேட்கவில்லை, யாரிடமும்.

ஏப்ரல் 2
கரை இனித் தாங்காது, வெட்டி ஓடையை விட்டுவிட வேண்டும் என்றாள் பொறியாளர். சரி என்றேன். நடுவில் வெட்டுவது சுலபமாம். நடுவில் வெட்டினால் மழைக்கு ஓடை நேராகத் தம்பி வாசலுக்குப் போகும். வடக்கோரம் வெட்டச் சொன்னேன். பாறை, வேலை இழுக்கும் என்றாள். “இழுக்கட்டும். நடுவுல மண்வெட்டி வைக்கணும்னா என்மேல வையுங்க” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வடக்கோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.